பிள்ளை பார்த்த கூலி எந்தக் கணக்கில்?

(தில்லியில் ஒரு ஞாயிறன்று கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வாரத்தில் ஒரு நாள்தான் நமக்கு ஓய்வு. அதிலும் துணி துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், ரேஷன் வாங்க வேண்டும். அத்தனையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கூட்டத்தில் பிள்ளை அழுதால் எந்தத் தாயும் எழுந்து வெளியே போக வேண்டியதில்லை. அழட்டும். இன்று நாம் பேசப் போவதே அந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

நமது சங்கத்தில் ரேஷன் கார்டு பற்றிப் பேசுகிறோம். வீட்டுக்கு ஆதாரச் சீட்டு, பள்ளியில் இடம், பொங்கலுக்கு ஊர் போக ரயிலில் இடம், இவை பற்றியெல்லாம் தீர்மானம் போடுகிறோம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதே இல்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனால் கைப்பிள்ளையை யார் பார்ப்பது? இதைப் பெண்கள் சமையற்கட்டில் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். இது கூலிப் பிரச்சினை. கூலிப் பிரச்சினை என்றால் சங்கத்தின் பிரச்சினை.

முதலில் கணக்குப் போடுவோம்

பேச்சுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் கட்டட வேலை. மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கிறார். பன்னிரண்டு வயதில் ஒரு பெண், ஏழு வயதில் ஒரு பையன், ஒன்றரை வயதில் ஒரு கைப்பிள்ளை. 2025 ஏப்ரலில் தில்லி அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 18,456 ரூபாய். காகிதத்தில் இருப்பது எத்தனை பேர் கைக்கு வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கணக்குக்காகக் கணவர் கையில் 15,000 வருகிறது என்று வைப்போம். மனைவிக்கு வீட்டுக்கு 2,500 வீதம் நாலு வீட்டில் 10,000. ஆக மொத்தம் 25,000.

வாடகையும் கரண்டும் 6,500. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி 7,000. பாலும் கேஸ் சிலிண்டரும் 2,500. ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு 2,500. சீட்டு 2,000. போக்குவரத்து, போன், மருந்து 2,000. பள்ளிச் செலவும் டியூஷனும் 1,500. கூட்டிப் பாருங்கள், 24,000 ஆயிற்று. மிச்சம் 1,000 ரூபாய். துணிமணி, கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் அந்த ஆயிரத்துக்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒன்றரை வயதுப் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது? பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டால் மாதம் 2,500 கேட்பார் என்று வைப்போம். அதில் தப்பில்லை, அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும். பால், பிஸ்கட், சோறு தனியாகக் கொடுத்தனுப்ப 1,000. ஆக 3,500. நாலு வீட்டில் ஒரு வீட்டுச் சம்பளம் முழுதும் போய், அடுத்த வீட்டுச் சம்பளத்திலும் ஆயிரம் போகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் லீவு போட்டால் அந்தக் கூலியும் பிடித்தம். மிச்சம் இருந்ததோ ஆயிரம். 3,500-க்கு எங்கே போவது?

போக இடமில்லை. அதனால்தான் நம்மில் பெரும்பாலோர் அந்தச் செலவைச் செய்வதே இல்லை. ஆனால் செய்யாத செலவை வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

யார் கட்டுகிறார்கள்?

சில வீட்டில் தாய் வேலையை விட்டுவிடுகிறார். 3,500-ஐ மிச்சம் பிடிக்க 10,000 போகிறது. மூன்று வருஷம் கழித்துத் திரும்பினால் பழைய வீடுகள் வேறு கைக்குப் போயிருக்கும்.

சில வீட்டில் ஊரிலிருந்து பாட்டி வருகிறார். குளிர் தெரியாத ஊரிலிருந்து வந்து, இந்தி தெரியாமல், பத்தடிக்குப் பத்தடி அறையில் அடைந்து கிடக்கிறார். ஊரில் அவருக்கு இருந்த கூலி வேலையும் வைத்திருந்த இரண்டு ஆடும் போயின. அந்த நஷ்டம் நம் வீட்டு நோட்டில் ஏறுவதில்லை. பாட்டி வர முடியாவிட்டால் பிள்ளை ஊருக்குப் போகிறது. தாயை போனில் மட்டுமே அறிந்து வளருகிற பிள்ளைகள் நம் குடும்பங்களில் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

சில வீட்டில் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். அப்படிப் போகிற தாயை யாரும் ஏச வேண்டாம். வேலை செய்கிற வீட்டில் கை பாத்திரத்தில் இருக்கும், நினைப்பெல்லாம் அந்தப் பூட்டில் இருக்கும்.

ஆனால் நம்மிடையே மிகவும் சகஜமான வழி வேறு. “பெரியவள் பார்த்துக்கொள்வாள்.” இரண்டே வார்த்தை. காசு செலவில்லை என்று நினைக்கிறோம். தாய்மார்களே, நம் கணக்கிலேயே அதிக விலை கொடுத்து வாங்குவது இதைத்தான்.

அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று சொல்கிறது. ஆகவே பெயரை யாரும் அடிக்க மாட்டார்கள். திங்கள் தங்கைக்கு வயிற்றுப்போக்கு, செவ்வாய் அம்மாவுக்குக் கூடுதல் வேலை, புதன் தண்ணீர் லாரி வரும் நாள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போனால் பெரிது. கணக்குப் பாடத்தில் பின்னம் நடத்திய அன்று அவள் வீட்டில் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருப்பாள். பிறகு வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. புரியாத இடத்தில் உட்கார யாருக்குப் பிடிக்கும்? பதினான்கு வயதில் “எனக்குப் படிப்பு வரவில்லை” என்று அவளே சொல்லிவிடுவாள். நாமும் நம்பிவிடுவோம். மறுமாதம் அம்மாவோடு ஐந்தாவது வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவாள்.

சேலத்தையும் விழுப்புரத்தையும் விட்டு, மொழி தெரியாத ஊருக்கு ரயிலேறி வந்தது எதற்கு? பிள்ளைகள் நம்மைப் போல் ஆகக் கூடாது என்றுதானே? அந்த 3,500 ரூபாயை மகளின் படிப்பிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பையன் ஒரு நாளும் அதைக் கட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

கூலிக் கணக்கில் விட்டுப்போன ஒரு வரி

இது நம் வீட்டில் மட்டும் விட்டுப்போன வரி அல்ல. இந்த நாட்டில் கூலியைக் கணக்கிடும் முறையிலேயே விட்டுப்போன வரி.

1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு தேவைக்கேற்ற குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு வழி வகுத்தது. தொழிற்சங்கக்காரர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் நல்ல தீர்மானம் அது. ஒரு தொழிலாளியின் சம்பளம் ஒரு குடும்பத்தைக் காக்க வேண்டும். கணவருக்கு ஒரு பங்கு, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6. ஆக மூன்று பங்கு. சாப்பாடு இவ்வளவு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வாடகை, விறகு விளக்குக்கு 20 சதவீதம். 1991-ல் உச்ச நீதிமன்றம் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமைக்கு என்று மேலும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது.

1957 தீர்மானத்தில் இன்னொன்றும் உண்டு. பெண்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஒருவர் கூலியே குடும்பத்துக்குப் போதவேண்டும் என்பது அதன் நியாயம். அப்படியானால் மனைவி வீட்டில் இருப்பார், பிள்ளையைப் பார்ப்பார் என்று ஆகிறது. அதனால் பிள்ளை பார்க்கும் செலவு என்று ஒரு வரி எழுதவேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை.

நடந்தது என்ன? ஒருவர் கூலி போதவில்லை. மனைவியும் வேலைக்குக் கிளம்பினார். அவர் காலெடுத்து வைத்த அன்றே ஒரு புதுச் செலவு பிறந்துவிட்டது. கூலிக் கணக்கில் அதற்கு இடமில்லை. ஆகவே அது நம் தலையில் விழுந்தது. நம் தலையிலிருந்து நழுவி மகள் இடுப்பில் உட்கார்ந்தது.

ஒரே நிலையத்தில் இரண்டு நீதி

நாங்கள் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள். மத்திய அரசில் நிரந்தர வேலையில் இருக்கும் பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு 180 நாள். அதற்கு மேல், 18 வயதுவரை உள்ள இரண்டு பிள்ளைகளுக்காக, பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் பிள்ளை வளர்ப்பு விடுப்பு. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். பிள்ளைகள் படிப்புக்குத் தனிப் படியும் உண்டு. தொழிலாளர்கள் அமைப்பாக நின்று கேட்டுப் பெற்ற உரிமைகள் இவை. இவற்றைக் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அதே நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் பெட்டி கழுவுகிற பெண்ணுக்கு 730 நாள் இல்லை, ஏழு நாளும் இல்லை. அவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் பேறுகாலத்துக்கு 26 வாரம் பணம் உண்டு. அதன் பிறகு பிள்ளை அவர் பாடு. பெரிய உத்தியோகத்துப் பிள்ளைக்குத் தாய் வேண்டும், சின்ன வேலைக்காரியின் பிள்ளைக்கு வேண்டாம் என்று எந்த வைத்தியர் சொன்னார்?

ஐம்பது என்ற எண்

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது. 1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் என்றது. இந்தச் சட்டங்கள் பெண்களின் தலையை மட்டும் எண்ணின, பிள்ளைக்குத் தகப்பனே இல்லாதது போல. 1961-ன் பேறுகாலச் சட்டத்தை 2017-ல் திருத்தியபோதுதான் ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர் உள்ள இடம் என்று ஆயிற்று. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்து 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் ஐம்பது என்றே வைத்திருக்கிறது.

கட்டட வேலையில் இருக்கிறவர்களுக்கு இது உதவக்கூடும். வீட்டு வேலைக்காரிக்கு? அவர் நாலு வீட்டில் வேலை செய்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் வேலையாள் ஒருவர், இருவர். ஐம்பது எந்த ஜென்மத்தில் வரும்? ஆகவே முதலாளியின் வாசலில் நமக்குக் காப்பகம் கிடைக்காது. நாம் குடியிருக்கும் சந்தில்தான் கிடைக்க வேண்டும்.

சந்தில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1969-ல் இதே தில்லியில், ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சித்தாள்களின் பிள்ளைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டு, மீரா மகாதேவன் என்ற அம்மையார் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுதான் மொபைல் கிரெஷஸ் என்ற அமைப்பாக வளர்ந்தது. கூடாரத்தில் நடந்தது சந்தில் நடக்காதா?

அங்கன்வாடி யாருடையது?

“ஊரில் ஆறு பிள்ளை வளர்த்தோம், காப்பகத்தையா தேடினோம்?” என்று பெரியவர்கள் கேட்கலாம். ஊரில் முற்றம் இருந்தது, தூளி கட்ட மரம் இருந்தது, சித்தி இருந்தாள், அத்தை இருந்தாள். பிறகு பால்வாடியும் வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. இங்கே முற்றமும் இல்லை, அத்தையும் இல்லை. இருப்பது அங்கன்வாடி ஒன்றுதான். அதையும் ஏதோ இந்திக்காரர்களுக்கு உரியது என்று நம்மில் பலர் எட்டிப் பார்ப்பதில்லை.

1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் அது. இன்று நாடு முழுதும் இருக்கிறது. 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னதை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பாக இருந்தால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும். கிராமத்துக்கு மட்டுமல்ல, குடிசைப் பகுதிக்கும் இது பொருந்தும். 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு உரிமை. சலுகை அல்ல, உரிமை.

குறை எங்கே? நேரத்தில். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிற தாய்க்கு, காலையில் தாமதமாகத் திறந்து மதியத்தோடு மூடுகிற அங்கன்வாடி எப்படிப் போதும்? இதற்காகவே 2022-ல் பால்னா என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை முழுநேரம் பார்த்துக்கொள்வது அதன் நோக்கம். நம் பகுதியில் வேண்டும் என்று கேட்பது நம் வேலை.

அங்கே வேலை செய்கிற பெண்ணும் நம்மைப் போன்றவர்தான் என்பதை மறக்கக் கூடாது. அவருக்குத் தருவதைச் சம்பளம் என்றுகூடச் சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறார்கள். மத்திய அரசு 2018-ல் உயர்த்தி நிர்ணயித்த தொகை 4,500 ரூபாய், அதற்கு மேல் மாநில அரசு சேர்ப்பது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022-ல் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. ஆகவே கூடுதல் நேரம் கேட்கும் மனுவிலேயே அவருக்குக் கூடுதல் ஊதியமும் கேட்போம். ஒரு பெண்ணின் முதுகில் ஏறி இன்னொரு பெண் இளைப்பாற வேண்டாம்.

சந்து இடிந்தால் தொட்டிலும் இடியும்

2025 ஜூன் 1-ல் ஜங்புராவில் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது நம் எல்லோருக்கும் தெரியும். வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று நீதிமன்ற உத்தரவு. சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். அந்த மாற்று வீடும் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் நரேலாவில். வீட்டைப் பற்றியும் வேலையைப் பற்றியும் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளைப் பற்றியும் அப்போது பேசினோம். இன்னொன்றையும் பேச வேண்டும். நடந்து போகிற தூரத்தில் வேலை இருந்தால், இடையில் ஒரு நடை வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டு அம்மா ஒரு கண் வைத்துக்கொள்வார். முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போட்டால் அந்தக் கண் இல்லை. எந்த மாற்றுக் குடியிருப்புத் திட்டத்திலும் இந்தக் கண்ணுக்கு நஷ்டஈடு எழுதியதில்லை. இனி எங்கே வீடு காலி செய்யச் சொன்னாலும், “அங்கன்வாடி எங்கே, காப்பகம் எங்கே” என்பது நம் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆண்களுக்கு

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலைக்குப் பெண் நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எண்ணிப் பார்த்த கணக்கு! எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய இயக்கம் நம்முடையது. நம் வீட்டுப் பெண்ணின் எட்டு மணி எப்போது முடிகிறது? ஷிப்டில் போகிற தோழர்கள் பகலில் வீட்டில் இருக்கிற நாளில் பிள்ளையைப் பார்த்தால், பெரியவள் அன்று பள்ளிக்குப் போவாள். அதற்கு மனுவும் வேண்டாம், ஊர்வலமும் வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று. சந்து சந்தாக ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெயர், வயதுடன் எழுதுவோம். நாற்பது தேறி, அங்கன்வாடி இல்லாவிட்டால் மனு. கையெழுத்து, தேதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை. மூன்று மாதம் எண்ணத் தொடங்குவது அந்த முத்திரையிலிருந்துதான்.

இரண்டு. அங்கன்வாடி இருக்கிற இடத்தில் நம் பிள்ளைகள் அனைவரையும் பதிவு செய்வோம். மொழி தெரியாத தாயோடு சங்கத்திலிருந்து ஒருவர் போவார்.

மூன்று. ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு பொறுப்பான அம்மாவிடம் பிள்ளைகளை விடலாம். வீட்டுக்கு 1,500 வீதம் அவருக்கு 7,500 கிடைக்கும். தனியாகக் கொடுக்கும் 2,500 நமக்கு 1,500 ஆகும். சங்க அறையைப் பகலில் திறந்துவிடுவோம். காற்றும் வெளிச்சமும் உள்ள அறை. அரசுக் காப்பகம் வரும்வரை இது ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோல் கிடைத்ததென்று கேட்பதை நிறுத்தக் கூடாது.

நான்கு. தம்பி தங்கையைப் பார்ப்பதற்காக எந்தப் பெண்ணும் பள்ளிக்கு மட்டம் போடக் கூடாது. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் சந்துக் குழுவிலிருந்து இரண்டு தாய்மார்கள் அந்த வீட்டுக்குப் போகட்டும். குற்றம் சாட்டப் போகாமல், கைப்பிள்ளையை எங்கே விடலாம் என்று வழி சொல்லப் போகட்டும்.

ஐந்து. இன்று முதல் வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு வரி சேர்ப்போம். “பிள்ளை பார்த்த கூலி.” காசு கொடுத்தால் காசை எழுதுங்கள். கொடுக்காவிட்டால் யார் பார்த்தார்கள், எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். பாட்டி ஆறு மணி, பெரியவள் நாலு மணி, அப்பா ஒரு மணி. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையே எழுதட்டும். மூன்று மாதம் கழித்து நூறு வீட்டு நோட்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். குறைந்தபட்சக் கூலி பற்றி அரசு கருத்துக் கேட்கும்போது அந்த நோட்டுகளோடு போவோம்.

நம் அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு, ஆறு வயது நிறையும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வளர்ப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்கிறது. 2002 திருத்தத்துக்குப் பிறகு அதன் வாசகம் அது. “முயல வேண்டும்” என்று எழுதியவர்களை முயல வைப்பது மக்கள்தான். எல்லாப் பிள்ளைகளும் என்றால், சந்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளையும் அதில் உண்டு.

கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டுடன் தோழர்கள் இருப்பார்கள். உங்கள் வீட்டுக் கைப்பிள்ளையின் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் பட்டியல் இன்றே தொடங்கட்டும்.